நாய்க்குக் கைநீட்டி வாங்கின வெத்தலத் தட்டம்

…அதுக்குப் பொறவு மூணு நாளா அவ இந்தப் பக்கமே எட்டிப் பாக்கல, கேட்டியா. யாருன்னா கேக்க? எனக்க வீட்டுக்காரருக்க தங்கச்சிதான். அந்தா மூணாவது வீடு, முன்னால செம்பருத்தி நிக்கே, அந்த மாடி வீட்டுக்காரி. இன்னைக்குக் காலையில வந்துட்டா மக்ளே! எனக்குத் தரையில கால் பாவல. அதான் சுவருக்கு மேல தலையத் தூக்கி ஒன்னைக் கூப்பிட்டேன். இரி, அந்த முக்காலிய இழுத்துப் போட்டு இரி. கேட்ட நல்லா சாத்துனியா? கொண்டி போட்டியா? ஒருக்கா போயிப் பாத்துட்டு வந்திரு. கோவப்படாத. ஒனக்க மேல நம்பிக்கை இல்லாம இல்ல. பதினெட்டு நாளா இந்த வீட்டுல நான் கொண்டியத் தவிர வேற ஒண்ணையும் நெனைக்கல.

நீயும் ரெண்டு வாரமா கேக்க, என்ன பாட்டி எப்பப் பாத்தாலும் உள்ளயே அடைஞ்சு கெடக்கீங்கன்னு. மீன்காரி கடப்புறத்துலேருந்து வந்து, கேட்டுக்கு வெளிய நின்னு, "பாட்டி, கொரோனா திரும்ப வந்துட்டா? எனக்கும் சொல்லுங்க, நானும் போயி அடைச்சுக் கெடக்கேன்"ன்னா. அவ சுவருக்கு மேல வழியாட்டு சாளை மீன நீட்டுவா, நான் சட்டியில வாங்குவேன். எல்லாம் இந்தா எனக்க மடியில கெடக்கே, இந்தப் பஞ்சுக் கட்டியாலதான். பாரு, கண்ண மூடிட்டுக் காத மட்டும் ஆட்டுகு. அதப் பத்தித்தான் பேசுகோம்னு தெரியுது சவத்துக்கு.

இது பொமரேனியன். எனக்க மக குவைத்துல நர்சாட்டு இருக்கால்லா, அவ போன தடவ லீவுக்கு வந்தப்ப, அப்பாவும் போயாச்சு, அம்மைக்குப் பேச்சுத் தொணைக்கு ஒண்ணு வேணும்னு மார்த்தாண்டத்துல ஒரு வீட்டுலேருந்து வாங்கித் தந்தா. கைக்குள்ள அடங்குகது போல இருந்தது. எனக்கு நாய்னா பண்டு வீட்டுல கெடந்த நாட்டு நாய்தான் தெரியும். அது வைக்கப்போருக்க அடியில போயி எட்டு குட்டி போடும். நாங்க மூணாம் நாளுதான் சத்தம் கேட்டுக் கண்டுபிடிப்போம். ஆரும் போயி அதுக்க முட்டுக்காலையோ இடுப்பையோ தடவிப் பாத்ததில்ல.

நாத்தனா இதக் கண்டா. ஒரு மாசத்துக்குள்ள அவளும் அதே வீட்டுலேருந்து ஒரு கடுவன் குட்டி வாங்கிட்டா. நான் ஒண்ணு வச்சிருந்தா அவளுக்கும் வேணும். புடவை விசயத்துலயும் முதல்லேருந்தே அப்பிடித்தான். பொறவு ரெண்டும் வளந்து, ரெண்டுக்கும் ஒண்ணே முக்கா வயசு ஆச்சு. அவ ஒரு நாளு மார்த்தாண்டத்துக்காரருக்குப் போன் போட்டு, வம்சமெல்லாம் விசாரிச்சிருக்கா. விசாரிச்சுட்டு ஓடி வாறா பாரு, முந்தானை மண்ணுல இழையுது. "மைனி! மைனி! ஒங்க பிள்ளைக்க அப்பனும் எங்க பையனுக்க அம்மையும் கூடப்பொறப்பு! எங்க பையன் ஒங்க பிள்ளைக்கு அத்த மவன்!"

நீ சிரிக்க. நாங்க சிரிக்கல. எங்களுக்கு அது பெரிய விசயம். முறைப்பையன்னா பொறவு ஆராய என்ன இருக்கு? எனக்க வீட்டுக்காரரு எனக்க சொந்த மாமன் மவன். எனக்க அம்மையும் அப்பிடித்தான். வெளிய போயி ஆரையாவது தேடுகதுக்கு, சொந்தத்துக்குள்ள கெடைச்சா அதுக்க மேல என்ன வேணும்னுதான் எனக்கும் தோணிச்சு. நாயும் அதே கணக்குதான்னு நெனச்சோம். ரெண்டு கெழவிகளும் சேந்து நெனச்சோம்.

அடுத்த வெள்ளிக்கெழம அவ தட்டத்தோட வந்துட்டா. வெத்தல, பாக்கு, ஒரு சீப்பு மட்டிப்பழம், பிச்சிப்பூ. வெளையாட்டுக்குத்தான் கொண்டு வந்தா, ஆனா பாதிதான் வெளையாட்டு. தெருப் பொம்பளைக எல்லாரும் முத்தத்துல கூடிட்டாளுக. மாப்பிள்ளைக்கு நெத்தியில குங்குமம். அவரு வந்த ஒடனே மட்டிப்பழத்துல ஒண்ணத் தோலோட தின்னாரு. நான் ரெண்டு கையையும் நீட்டித் தட்டத்த வாங்கிட்டேன். வாங்குனா வாக்கு தந்தாச்சு, எங்க பக்கத்துல அப்பிடியாக்கும். அதோட விட்டனா? "பாட்டி எனக்கொரு குட்டி"ன்னு ஒருத்தி கேட்டா, தலைய ஆட்டுனேன். இன்னொருத்தி கேட்டா, அதுக்கும் ஆட்டுனேன். நீ அன்னைக்குத்தான் சாமான் எறக்கிட்டு நின்ன, ஆளே தெரியாது, சுவருக்கு மேல எட்டிப் பாத்து எனக்கும் ஒண்ணுன்ன. ஒனக்கும் ஆட்டுனேன். ஒடம்புல உயிரே உண்டாகாத குட்டிய அஞ்சு வீட்டுக்கு நான் பங்கு வச்சாச்சு.

அந்த வெத்தலைக்கு ஒரு பழைய கதை உண்டு. அதச் சொல்லலேன்னா ஒனக்கு வெளங்காது. எனக்க மகளை அவளுக்க மவனுக்குக் கேட்டா. பத்துப் பன்னெண்டு வருசம் இருக்கும். அத்த மவன்தானே, உரிமையாட்டுக் கேட்டா. நான் தரல. ஜாதகம் சேரலன்னு சொல்லிட்டேன். அவ சண்டைக்கு நிக்கல. பொங்கலுக்கு வருவா, கஞ்சி குடிப்பா, எனக்க வீட்டுக்காரரு போனப்ப பதினாறு நாளும் எனக்குப் பக்கத்துலதான் படுத்தா. ஆனா எப்பவாவது பேச்சோட பேச்சா, "ஜாதகம் பாத்துத் தராம போன வீடுதானே"ன்னு ஒரு குத்து குத்துவா. அந்தத் தட்டத்த எனக்க கையில தந்தப்பவும் காதோட காதா சொன்னா: "பொண்ணத்தான் தரல மைனி, நாயவாவது தாங்க."

பொறவு எப்பிடி நான் வாங்காம இருப்பேன்?

சேக்கதுக்கு முன்ன பூச்சி மருந்து குடுக்கணும்னு அவளேதான் சொன்னா. நான் இதத் தூக்கிட்டு ஆட்டோவுல பூதப்பாண்டி மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். அங்க ஒரு டாக்டர் பிள்ள, எனக்க மகளைவிட எளையவ. நான் இதக் கீழ விட்டேன். இது கொஞ்சம் ஓடுச்சு, ஒரு பின்னங்காலத் தூக்கி ரெண்டு சாட்டம் சாடுச்சு, பொறவு காலக் கீழ வச்சு ஓடுச்சு. எப்பவும் அப்பிடித்தான் ஓடும்.

"எத்தன நாளா பாட்டி இப்பிடிக் காலத் தூக்குகு?"

"அது சந்தோசம் வந்தா அப்பிடித்தான் டாக்டரம்மா. டான்சு."

அந்தப் பிள்ள இதத் தூக்கி மேசையில வச்சுப் பைய முட்டுக்காலப் புடிச்சு அமுக்குனா. எனக்க வெரலையும் புடிச்சு அதுக்க மேல வச்சா. உள்ள சில்லு ஒண்ணு டக்குனு எடம் மாறிப் போயி, திரும்ப வந்தது. எனக்க முட்டுலயும் அப்பிடித்தான் ஒரு சத்தம் வரும், படி ஏறுனா. எனக்கு எழுபது வயசு. இதுக்கு ரெண்டுகூட ஆகல.

"இது பொறப்புலேயே வாறது. குட்டிகளுக்கும் போகும். மாப்பிள்ள எந்த வீடு?"

நான் பெருமையா சொன்னேன்: "அத்த மவனாக்கும் டாக்டரம்மா! முறைக்காரன்!"

அவ பேனாவக் கீழ வச்சுட்டுச் சிரிச்சா. பொறவு சிரிப்ப நிறுத்திட்டுச் சொன்னா. நாய்க்கு முறை கெடையாது பாட்டி, ஒரே தாத்தா பாட்டிக்க ரெத்தம் ரெண்டு பக்கத்துலேருந்தும் வந்தா, அதுல இருக்க கோளாறும் ரெண்டு பக்கத்துலேருந்தும் வந்து சேரும்னா. "எங்கள்ல அப்பிடித்தானே கட்டுகோம்"னு கேட்டேன். அவ எழுத ஆரம்பிச்சிட்டா. எனக்க மூத்த பிள்ளை பொறந்து மூணே நாளுதான் இருந்தது. ஏன்னு அப்ப ஆரும் எனக்குச் சொல்லல, நானும் கேக்கல. அந்த ஆஸ்பத்திரி பெஞ்சுல இருந்தப்ப அது ஓர்மைக்கு வந்தது. அத விடு.

முட்டு மட்டும் இல்ல. இதுக்க இடுப்பத் தடவிப் பாத்துட்டு, இம்புட்டுச் சின்ன இடுப்புல குட்டிக்க தலை சிக்குனா வயித்தக் கீறித்தான் எடுக்கணும், அதுல தாயும் போயிரலாம்னா. நோவு எடுத்து நின்னுட்டா அந்த நேரத்துல நாகர்கோவிலுக்கு இதத் தூக்கிட்டு ஓட ஒங்க வீட்டுல ஆரு இருக்கான்னு கேட்டா. ஆரு இருக்கா? நான் இருக்கேன். தாய்க்குப் பால் வரலேன்னா ரெண்டு மணிக்கூருக்கு ஒருக்கா ஒவ்வொண்ணுக்கும் புகட்டணும், வயித்தத் தடவி மூத்திரம் போக வைக்கணும், ஒங்களால குனிய முடியுமான்னா. நான் வைக்கப்போர் நாய்க்க கதையச் சொன்னேன். "பாட்டி, அது தன்னால உண்டான நாயி. இது மனுசன் பாத்துப் பாத்துச் சின்னதாக்குனது. மனுசன்தான் பாத்துக்கிடணும்"ன்னா.

கடைசியில ஒண்ணு கேட்டா பாரு, அதுதான் எனக்கு ஒறைச்சது. குட்டி வாங்குகேன்னு சொன்னவங்க எல்லாம் அது கெழடானாலும் வச்சிருப்பாங்களா, வேண்டாம்னா ஒங்கட்டதான் கொண்டு விடுவாங்க, அப்ப எடுப்பீங்களான்னு கேட்டா. ஆட்டோவுல வாற வழியெல்லாம் வெரல மடக்கிப் பாத்தேன். ஒருத்தி அருமனைப் பக்கத்துக்காரி, ரப்பர் தோட்டத்து செட்டுக்குக் காவலாட்டுக் கட்டிப் போடணும்னு கேட்டவ. இதக் கட்டிப் போட்டா மரநாய் தூக்கிட்டுல்லா போகும்! பலசரக்குக் கடைக்காரிக்கு ஆணுதான் வேணும், பெண்ணுன்னா வேண்டாம். வாத்திச்சி குடும்பம் ஜூன் மாசம் துபாய் போகுது. மேலத்தெருக்காரிக்க மருமகளுக்கு நாய் முடி பட்டா தும்மலு வரும், அவளே எங்கிட்ட சொல்லிருக்கா. பொறவு நீ. நீ வாடகைக்கு இருக்க, வீட்டு ஓனரு நாய் கூடாதுன்னு சொன்னது எனக்குத் தெரியும். மொறைக்காத. நானும் நெனச்சுப் பாக்காமத்தானே தலைய ஆட்டுனேன்.

வேண்டாம்னு அன்னைக்கே தீர்மானிச்சிட்டேன். ஆனா தட்டம் பரண்மேல இருக்கு. அதத் தூக்கிட்டுப் போயி அவகிட்ட என்ன சொல்ல? ரெண்டாவது தடவையும் ஒனக்க வீட்டுக்குத் தர மாட்டேன்னா? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு ஒரு வாரம் போச்சு. அதுக்குள்ள இது தூரமாயிட்டு, சேருக பருவம் வந்துட்டு.

பேத்திக்க பழைய ஜட்டியில வாலுக்கு ஓட்டை போட்டு இதுக்கு மாட்டி விட்டேன். மூணு வாரம் வெளிய விடாதீங்கன்னு டாக்டர் பிள்ள சொல்லிருந்தா. எனக்கு எழுத்துத் தெரியாது, காலண்டரு பாக்கத் தெரியாது. அடுக்களைச் சுவத்துல தெனமும் காலையில ஒரு கரிக்கோடு போட்டேன். அந்தா பாரு, ஜெயிலு மாதிரி. சன்னல் எல்லாம் சாத்தியாச்சு, உள்ள வேக்காடு. வெளிய கேட்டுக்கிட்ட ஆறு ஏழு கடுவன் நாயிக வரிசையா உக்காந்திருக்கும், ஆஸ்பத்திரியில டோக்கனுக்கு இருக்க மாதிரி. உள்ள இது கதவப் பெறாண்டிப் பெறாண்டி அழும். எனக்க மேலதான் கோவம் அதுக்கு. நான் கதவுக்கு முதுகக் குடுத்து உக்காந்திருப்பேன். கோயில் கொடை போச்சு, தாழக்குடியில ஒரு சடங்கு வீடு போச்சு. ஒரு இடத்துக்கும் போக ஏலல.

இதுக்க மேல, தெனமும் நாலு மணிக்கு நாத்தனா வருவா, கையில கயித்தப் புடிச்சு மாப்பிள்ளையோட. "மைனி! மாப்பிள்ள வந்திருக்காரு, கதவத் தொறங்க!" மாப்பிள்ளை கேட்டுக்கு அடியில மூக்க நுழைச்சு ஒரு பாட்டு பாடுவாரு. அதக் கேட்டு இது உள்ள பாடும். நடுவுல நான்.

மொத நாளு, பிள்ளைக்கு வயித்தால போகுதுன்னேன். ரெண்டாம் நாளு, வீட்டுக்கு வெள்ளை அடிக்கப் போறேன், சாமானெல்லாம் எறைஞ்சு கெடக்குன்னேன். வெள்ளை அடிக்க ஆளே வரலியே மைனின்னா. பொறவு எனக்குக் காய்ச்சல்னு சொல்லிட்டேன். அதுதான் பெரிய தப்பு. சாயங்காலமே கஞ்சியும் பயறும் வச்சுக் கொண்டு வந்துட்டா. கேட்டத் தொறக்க முடியுமா? கேட்டுக்கு மேல வழியாட்டு வாங்குனேன். பயறுல தேங்காயத் திருவிப் போட்டிருந்தா, எனக்குப் பிடிக்கும்னு. மறுநாளும் கொண்டு வந்தா. அதுக்கு மறுநாளும். பொய்யச் சொல்லிட்டு அவளுக்க கைக் கஞ்சிய நாலு நாளு குடிச்சிருக்கேன் மக்ளே.

பதினாலாவது கோடு போட்ட அன்னைக்கு மீன் களுவிட்டு, அந்தத் தண்ணிய ஊத்தப் பொறவாசல ஒரு கை அளவுதான் தொறந்தேன். இது எனக்க காலுக்கு எடையில பூந்து வெளிய சாடிட்டு. ஐயோன்னு திரும்புகேன், நாத்தனா தென்னந்தோப்பு வழியா வாறா, ஒரு கையில கஞ்சித் தூக்கு, ஒரு கையில மாப்பிள்ளை. கேட்டு பூட்டிக் கெடக்குல்லா, நோக்காட்டுல கெடக்கவள ஏன் நடக்க வைக்கணும்னு பொறவாசல் வழியா வந்திருக்கா. அவரு கயித்த அறுத்துட்டு ஓடி வாறாரு. இது வால ஒதுக்கிட்டு நிக்கி. எனக்கு என்ன செய்யணும்னு தெரியல, கையிலிருந்த மீன் தண்ணிய அப்பிடியே ரெண்டுக்க மேலயும் வீசிட்டு, சீலையத் தூக்கிச் சொருகி ஒரு ஓட்டம் ஓடுனேன் பாரு. கெணத்தடியில வச்சு இதுக்க கழுத்தப் புடிச்சுத் தூக்கிட்டுத் தொவைக்க கல்லு மேல பொத்துன்னு இருந்துட்டேன்.

அவ அப்பிடியே நிக்கா. "காய்ச்சல்காரி நல்ல ஓட்டம் ஓடுகீங்க மைனி"ன்னா. பொறவு இதுக்க ஜட்டியப் பாத்தா. மொகம் மாறிப் போச்சு.

"ஆக, பிள்ளைக்கு நாளு வந்தாச்சு. எங்கிட்ட மறைச்சிருக்கீங்க. வெத்தல வாங்குன கையி மைனி அது. அன்னைக்கும் இப்பிடித்தான் செஞ்சீங்க. இப்ப என்ன, நாய்க்கும் ஜாதகம் சேரலியா?"

மெய்யாட்டும் சொல்லுகேன், ஒரு பொய் நாக்கு நுனியில வந்து நின்னது. ஆனா அவளுக்க கையில கஞ்சித் தூக்கு இருந்துதுல்லா. அதுலேருந்து ஆவி பறக்குது. அதப் பாத்துட்டு எனக்குப் பொய் சொல்ல வாய் வரல. மீன் நாத்தத்தோட அந்தக் கல்லு மேல இருந்துட்டே எல்லாத்தையும் சொன்னேன். முட்டு, இடுப்பு, ரெத்தம், டாக்டர் பிள்ள கேட்ட கேள்வி எல்லாம். சேத்து வச்சா இது செத்துப் போகும் பிள்ளே, எனக்கு இது மட்டுந்தான் வீட்டுல இருக்கு, அதான் மறைச்சேன்னேன்.

அப்ப நான் அதையும் சொல்லிட்டேன். "ஜாதகம் சேராம இல்ல. ஜாதகத்த நான் ஆருகிட்டயும் காட்டவே இல்ல. எனக்க மக மாட்டேன்னுட்டா. ஒனக்க மவன்கிட்ட கொறை ஒண்ணும் இல்ல, ஒண்ணாட்டு ஓடி வெளையாண்டவன், அண்ணன் மாதிரி இருக்கு, நான் நர்சு படிக்கப் போறேன்னா. ஒனக்க மொகத்தப் பாத்து அத எப்பிடிச் சொல்லன்னு தெரியாம ஜாதகத்துக்க மேல போட்டேன்."

அவ கஞ்சித் தூக்கக் கெணத்துச் சுவத்துல வச்சா. மாப்பிள்ளைக்க அறுந்த கயித்தப் புடிச்சா. வந்த வழியே போயிட்டா. நான் பாத்துட்டே இருந்தேன். தோப்புக்குள்ள போகும்போ அவருக்க பின்னங்கால் ஒண்ணு மேல தூக்கி ரெண்டு சாட்டம் சாடுச்சு. அவளும் நின்னு அதக் குனிஞ்சு பாத்தா.

அதுக்குப் பொறவுதான் நான் சொன்ன அந்த மூணு நாளு. அந்த மூணு நாளு எனக்குக் கேட்டுக்கு உள்ளயும் ஒண்ணுதான், வெளியயும் ஒண்ணுதான். நாலு மணி ஆனா கூப்பிடுக சத்தம் இல்ல. கஞ்சித் தூக்கக் களுவி வச்சிருந்தேன், கொண்டு குடுக்கத் தைரியம் வரல.

இன்னைக்குக் காலையில கோடு போட்டுட்டு நிக்கேன், கேட்ட உலுக்குக சத்தம். அவதான்! மாப்பிள்ளை இல்ல, தனியா. உள்ள வந்ததும் மொத வார்த்தை என்ன தெரியுமா? "மைனி, பொண்ணுக்கு மட்டும் முட்டு பாத்தீங்க, ஆம்பளைக்குப் பாக்கணும்னு தோணிச்சா?" அவரத் தூக்கிட்டு அந்த டாக்டர் பிள்ளகிட்ட போயிருக்கா. அவருக்கு இதவிட மோசமாம், ரெண்டு காலுலயும். "நானும் டான்சுன்னுதான் நெனச்சிருந்தேன்"ன்னு சொல்லிட்டுக் கண்ணத் தொடைச்சா. பொறவு ரெண்டு பேருமா சிரிச்சோம். அவருக்கு அடுத்த வாரம் குட்டி உண்டாகாம இருக்க ஆப்பரேசன், டாக்டர் பிள்ள செய்து விட்டிருவா. இதுக்குப் பருவம் முடிஞ்சு ரெண்டு மாசம் கழிச்சு.

நடைவரைக்கும் போயிட்டுத் திரும்பி நின்னா. "எனக்க மவனும் அப்ப மாட்டேன்னுதான் சொன்னான் மைனி. நான்தான் சத்தம் போட்டுச் சம்மதிக்க வச்சேன். ஒங்க மகளே மாட்டேன்னு சொன்னதா அன்னைக்கே சொல்லிருந்தா, நான் இத்தன வருசம் ஒங்களக் குத்திட்டு இருந்திருப்பனா? எத்தன குத்து வேஸ்டு!" அப்பிடிக் கேக்கா பாரு!

பொறவு தட்டத்தக் கேட்டா. வெறுந்தட்டமாட்டுத் தந்தா சும்மா விட மாட்டேன்னா. இலைக் கொழுக்கட்டை வேணுமாம், கருப்பட்டி போட்டு. நாலு மணிக்கு நான் கொண்டு போகணும். நீதான் அப்ப கொஞ்ச நேரம் வந்து இந்தக் கதவுக்கு முதுகக் குடுத்து இருக்கணும், இன்னும் மூணு கோடு பாக்கி. அந்த நாலு வீட்டுக்கும் குட்டி இல்லன்னு நான் போயிச் சொல்லணும். ஒனக்கு இப்பவே சொல்லியாச்சு, என்ன? கோவமா? நீ எப்ப வேணும்னாலும் வந்து இத மடியில வச்சுக்கோ, அதுக்கு ஆரும்…

என்னட்டி இது, தீஞ்ச வாடை வருகு? ஐயோ, கொழுக்கட்டை அவிக்க வச்ச கொப்பரையில தண்ணி வத்திட்டு! இந்தா, இதப் புடி, கீழ விட்டிராத, அடுப்ப அணைச்சுட்டு வாறேன்.